இருபது தெத்ரி

எங்கள் கட்டடத்து லிஃப்ட் காசு கேட்கும்.
மேலே போக இருபது தெத்ரி. கீழே வர இலவசம்.
திபிலிசியில் பாதாளத்துக்கு மட்டும்
யாரும் கட்டணம் வாங்குவதில்லை.

காசுப் பெட்டியை மாட்டியவர் நின்றுகொண்டு மாட்டியிருக்கிறார்.
என் விரல் நுனிக்கும் அதன் வாய்க்கும்
நடுவில் ஒரு சாண்.
அந்த ஒரு சாணுக்காக
மரக்கரண்டி ஒன்று வாங்கி
நுனியைக் கத்தியால் பிளந்து
நாணயம் செருகப் பழகினேன்.
ஒன்பது வருடமாக
லிஃப்டுக்கு ஊட்டிவிட்டுத்தான்
என் வீட்டுக்குப் போகிறேன்.

மே மாதம் பத்தூமிக்குப் போகத் தோன்றியது.
காரணம் ஒன்றுமில்லை.
காரணமில்லாமல் ஊருக்குப் போவது
நடப்பவர்களின் பரம்பரைச் சொத்தா என்ன?

ரயில்வேக்கு ஃபோன் செய்தேன்.
கூட யார் வருகிறார்கள், என்றாள் ஒருத்தி.
யாருமில்லை.
சரி, ஆனால் கூட யார் வருகிறார்கள்?
ஒரு கைப்பை, என்றேன். ஒரு தெர்மாஸ்.
வெகுநேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.
தெர்மாஸுக்கு என்ன வயது
என்று கேட்பாளோ எனக் காத்திருந்தேன்.

நடைமேடையில் சாய்தளம் இருந்தது.
இரும்புப் பெட்டிக்குள், மடித்து, பூட்டி.
சாவி கோச்சாவிடம்.
கோச்சா சாப்பிடப் போயிருந்தார்.
வண்டி கிளம்ப ஏழு நிமிடம்.

அப்போது வந்தார்கள் நல்லவர்கள்.
இந்த ஊரில் நல்லவர்களுக்குப் பஞ்சமே கிடையாது.
சிகரெட்டைக் காலடியில் நசுக்கி
சட்டைக் கையை மடித்துவிட்டு
பயப்படாதே சகோதரி, என்று
கேட்காமலே தூக்கினார்கள்.
ஒருவர் சக்கரத்தைப் பிடித்தார், அது சுழன்றது.
ஒருவர் கைப்பிடியைப் பிடித்தார், அது கழன்றது.
ஒருவர் என் முழங்காலைப் பிடித்தார்.
அது என் முழங்கால்.

நாலு பேர் தூக்கும் நாள்
எல்லோருக்கும் ஒருமுறை வரும்.
எனக்கு வாரத்தில் இரண்டு.

தூக்கி வைத்த பிறகு மூச்சு வாங்கிச் சிரித்தார்கள்.
நாலாமவர் பையிலிருந்து ஆப்பிள் எடுத்துக் கொடுத்தார்.
நன்றி சொன்னேன்.
வேறெதையும் சொல்ல
அந்த இடத்தில் இடமில்லை.
எனக்கு வேண்டியிருந்தது ஒரு சாவி,
சாப்பிடப் போகாத ஒரு சாவி.
கோபத்தோடு ஆப்பிளைக் கடித்தேன்.
இனித்தது. அதுதான் சிக்கல்.

தெர்மாஸைத் திறக்கவில்லை.
கழிப்பறைக் கதவை
ஏறும்போதே கண்ணால் அளந்துவிட்டேன்.
மற்றவர்கள் ஜன்னலில் மலை பார்த்தார்கள்.
சாம்தரெடியா தாண்டும்போது நாக்கு
மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
மடியில் தேநீர் சூடாக இருந்தது.

பத்தூமிக் கரையில் மணல் இல்லை, கூழாங்கல்.
கல்லின் மேல் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள்.
புதுப் பலகை, பைன் வாசனை.
யாரோ என்னை நினைத்திருக்கிறார்கள்.
முக்கால்வாசி நினைத்திருக்கிறார்கள்.
பலகை முடிந்த இடத்திலிருந்து கடல் வரை
பதினைந்து அடி கல்.

நுனியில் நிறுத்தி பிரேக் போட்டேன்.
ஈரத் தலையோடு ஒருத்தி மேலேறி வந்தாள்,
கடந்து போனாள், திரும்பினாள்.
ஏதாவது வேணுமா?
கேட்டாள்.
இன்னொரு முறை எழுதிக்கொள்கிறேன்: கேட்டாள்.

தண்ணீர், என்றேன்,
தெர்மாஸ் மூடியை நீட்டி.
அவள் கேள்வி கேட்கவில்லை. கல்லில் தடுக்கித் தடுக்கிப் போய்
கருங்கடலை அதில் மொண்டு வந்தாள்.
பாதி வழியில் சிந்தியது போக
இரண்டு விரல் ஆழம்.
இரண்டு விரலையும் விட்டேன்.
நினைத்ததைவிடக் குளிர்.

அவள் பெயர் தினாதின். பல் டாக்டராம்.
பக்கத்தில் ஒரு ஜோடி
கடலுக்குள் காசு எறிந்துகொண்டிருந்தது.
எறிந்தால் திரும்ப வருவோமாம்.
நீங்களும் எறியுங்கள், என்றாள்,
நான் வேண்டுமானால் தூரமாக வீசுகிறேன்.

பையைத் துழாவினேன்.
கரண்டி இருந்தது.
ஒரே ஒரு இருபது தெத்ரி இருந்தது.

இல்லை, என்றேன்.
இது மேலே போவதற்கு.